ரவுட்டரை மாற்றியதும் வீட்டு மீடியா சர்வர் காணாமல்போவது ஏன்?

இணைய நிறுவனத்தை மாற்றுகிறோம். புது ஃபைபர் பெட்டி சுவரில் ஏறுகிறது. பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையுமே அதில் போட்டுவிட்டதால் போன், லேப்டாப், டிவி எல்லாம் ஒன்றும் நடக்காததுபோல் சேர்ந்துகொள்கின்றன. இரவு படம் பார்க்க உட்காரும்போதுதான் டிவியில் இருக்கும் ஜெல்லிஃபின் செயலி, வீட்டில் சேமித்த படங்களை டிவிக்கு அனுப்பும் மீடியா சர்வருடன் இணைக்க முடியவில்லை என்கிறது. சர்வரில் விளக்கு எரிகிறது, ஹார்ட் டிஸ்க் ஓடும் சத்தம்கூடக் கேட்கிறது. ஆனால் வீட்டில் எந்தச் சாதனத்துக்கும் அது கண்ணில் படவில்லை.

வீட்டுக்குள் பயன்படுத்தவென்று ஒதுக்கிய ஐபி முகவரிகள் மூன்று தொகுதிகள்: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை, 192.168 என்று தொடங்குபவை. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் இதை வரையறுத்தது. இதற்குள் எந்தத் துண்டை எடுத்துக்கொள்வது என்பது ரவுட்டர் செய்பவரின் விருப்பம். ஒன்று 192.168.0.1 என்று வரும், இன்னொன்று 192.168.1.1, ஜியோஃபைபர் பெட்டி வழக்கமாக 192.168.29.1. போனும் டிவியும் ரவுட்டரில் தானாக முகவரி வழங்கும் டிஹெச்சிபி சேவை கொடுக்கிற எண்ணைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். சர்வரின் கதை வேறு. அதன் முகவரி மாறவே கூடாது என்று நாமேதான் ஒருநாள் எழுதிவைத்தோம். சர்வரின் நெட்வொர்க் அமைப்பில், நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியின் அனுமதிப் பட்டியலில், நாஸைச் சர்வரின் ஒரு ஃபோல்டராக இணைக்கும் மவுன்ட் வரியில், ஃபயர்வாலில், செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரின் கோப்பில், டிவி ரிமோட்டால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டிய பெட்டியில் என்று பழைய முகவரி ஏழெட்டு இடங்களில் உட்கார்ந்திருக்கிறது. ஒன்றைத் திருத்தினால் அடுத்தது முன்னால் வந்து நிற்கும். பாதி வழியில் பொறுமை இழந்து எல்லாவற்றையும் அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்பவர்கள் உண்டு. தேவையே இல்லாத வேலை. நாஸிலும் டிவியிலும் இருக்கும் பழைய முகவரி அதற்குப் பிறகும் அங்கேயேதான் இருக்கும்.

குறுக்கு வழி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். புது ரவுட்டரின் லேன் (வீட்டு நெட்வொர்க்) அமைப்புப் பக்கத்தில் அதன் சொந்த முகவரியை 192.168.29.1-இலிருந்து பழைய 192.168.0.1-க்கு மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். டிஹெச்சிபி கொடுக்கும் வரம்பையும் 192.168.0.100 முதல் 200 வரை என்று வைத்துவிட்டு, வீட்டில் உள்ள எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். சில நிறுவனங்களின் பெட்டிகளில் இந்தப் பக்கம் பூட்டியிருக்கும். இன்னொரு வீட்டுடனோ அலுவலகத்துடனோ விபிஎன் போட்டிருப்பவர்கள் வேண்டுமென்றே 192.168.0, 192.168.1 இரண்டையும் விட்டு விலகுவதும் உண்டு. இரு முனையிலும் ஒரே வரம்பு இருந்தால் விபிஎன் எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாமல் திணறும். இந்த இரண்டில் ஒன்று உங்கள் நிலை என்றால் தொடர்ந்து படிக்கலாம்.

உதாரணத்துக்கு ஒரே வீட்டை எடுத்துக்கொள்வோம். பழைய நெட்வொர்க் 192.168.0. சர்வர் 192.168.0.50, லினக்ஸ் போட்ட ஒரு மினி பிசி. படங்கள் இருக்கும் நாஸ் 192.168.0.60. புதிய நெட்வொர்க் 192.168.29. கடைசி எண்கள் 50, 60 அப்படியே இருக்கட்டும். திருத்தும்போது தலைவலி பாதியாகக் குறையும்.

முதல் வேலை: ஸ்கேனை நிறுத்துவது

முகவரியைத் தேட ஆரம்பிக்கும் முன் செய்யவேண்டியது இது. ஸ்கேன் என்பது, மீடியா சர்வர் படங்கள் இருக்கும் ஃபோல்டரை அலசித் தன் பட்டியலைப் புதுப்பிப்பது. படங்கள் நாஸில் இருக்கின்றன. சர்வர் அவற்றை ஒரு ஃபோல்டரில் மவுன்ட் செய்து பார்க்கிறது. நாஸுடன் தொடர்பு அறுந்த நிலையில் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அந்த ஃபோல்டர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. மீடியா சர்வருக்கு நெட்வொர்க் மாறிய விஷயம் தெரியாது. அடுத்த ஸ்கேனில் காலி ஃபோல்டரைப் பார்த்து, எல்லாப் படங்களையும் அழித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று முடிவுகட்டும். ஜெல்லிஃபின் போன்ற இன்னொரு மீடியா சர்வரான பிளெக்ஸில் ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் குப்பையைத் தானாகக் காலி செய் என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் பட்டியலிலிருந்து அத்தனையும் போய்விடும். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கையால் தேர்ந்து வைத்த போஸ்டர், தொகுத்து வைத்த கலெக்‌ஷன், திருத்திய பெயர், பிளேலிஸ்ட் எல்லாம் பறிபோகும். ஜெல்லிஃபின் முழுக்கக் காலியான ஃபோல்டரைக் கண்டால் தவிர்த்துவிடும்தான். ஆனால் அதில் ஒரே ஒரு உதிரிக் கோப்பு கிடந்தாலும் ஃபோல்டர் காலியாக இல்லை, அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. அதன் ஸ்கேன் வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை ஓடுகிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப்போவது சரிவராது.

செயலியைத் திறக்கவே முடியாதபோது அமைப்பை எப்படி மாற்றுவது? வேண்டியதில்லை. சர்வரில் கீபோர்டும் திரையும் மாட்டி அந்தச் சேவையையே நிறுத்திவிடுங்கள். தானாகப் படம் இறக்கும் மென்பொருள் ஏதாவது ஓடினால் அதையும் சேர்த்து நிறுத்துங்கள். அது நாஸ் என்று நினைத்துக்கொண்டு, மவுன்ட் ஆகாத அந்த ஃபோல்டரில், அதாவது சர்வரின் சொந்த எஸ்எஸ்டியில், எழுதித் தள்ளும். 128 ஜிபி எஸ்எஸ்டி நிரம்ப அதிக நேரம் ஆகாது. நாஸ் திரும்ப மவுன்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் அதன் அடியில் மறைந்துபோகும். இடம் மட்டும் தீர்ந்திருக்கும், எது தின்றது என்று தேடினால் கிடைக்காது.

சர்வர் எங்கே இருக்கிறது?

புது ரவுட்டரின் பக்கத்தில் இணைந்துள்ள சாதனங்களின் பட்டியலைப் பாருங்கள். சர்வரின் பெயர் அதில் 192.168.29.137 என்பதுபோல் ஏதோ ஓர் எண்ணோடு இருந்தால் நல்ல சேதி. அதன் நிலையான முகவரி சர்வருக்குள் எழுதியது அல்ல, பழைய ரவுட்டரில் அதன் மேக் முகவரியை (நெட்வொர்க் கார்டுக்கே உரிய அடையாள எண்) வைத்து ஒதுக்கியது. அந்த ஒதுக்கீடு பழைய ரவுட்டரோடு போய்விட்டது, அவ்வளவுதான். புதியதில் அதே மேக் முகவரிக்கு 192.168.29.50 என்று ஒதுக்கி, சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் போதும். எண் 169.254 என்று தொடங்கினால் டிஹெச்சிபி பதிலே தரவில்லை என்று பொருள். கேபிளையும் ரவுட்டரின் அந்த போர்ட்டையும் பாருங்கள்.

பட்டியலில் இல்லவே இல்லை என்றால் முகவரி சர்வருக்குள்ளேயே எழுதியிருக்கிறது. அது இன்னும் 192.168.0.50 என்று அதே கம்பியில்தான் உட்கார்ந்திருக்கிறது. திரை மாட்ட வசதி இல்லாதவர்களுக்கு ஒரு பழைய உபாயம்: லேப்டாப்பை ரவுட்டரில் கேபிளால் இணைத்து, அதன் முகவரியைக் கையால் 192.168.0.77 என்றும் சப்நெட் மாஸ்க்கை 255.255.255.0 என்றும் போடுங்கள். கேட்வேயை, அதாவது இணையத்துக்கு வழியாக இருக்கும் ரவுட்டரின் முகவரியை, காலியாக விடுங்கள். இப்போது 192.168.0.50-ஐப் பிங் செய்தால், அதாவது இருக்கிறாயா என்று கேட்டால், பதில் வரும். ஒரே சுவிட்சில் இருக்கும் இரண்டு கணினிகள் பேசிக்கொள்ள ரவுட்டரின் தயவு தேவையில்லை. மேக் முகவரியை வைத்தே தரவு போய்ச் சேரும். தொலைவிலிருந்து கட்டளை தர உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாகச் சர்வருக்குள் போய்விடலாம்.

உள்ளே போனதும் எல்லோரும் செய்யும் தவறு, பழைய முகவரியை அடித்துவிட்டுப் புதியதை எழுதுவது. என்டர் தட்டிய நொடியில் உங்கள் தொடர்பு அறுந்துவிடும். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் நெட்பிளான் ட்ரை என்ற கட்டளை 120 வினாடிக்குள் நீங்கள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும். பத்திரமான ஏற்பாடுதான். ஆனால் முகவரியே மாறும்போது, உறுதிசெய்ய வேண்டிய திரையும் கூடவே போய்விடுகிறது. எனவே பழையதை நீக்காமல் அதற்கு அடுத்த வரியில் 192.168.29.50/24 என்று இரண்டாவது முகவரியாகச் சேருங்கள் (/24 என்பது 255.255.255.0 என்ற மாஸ்க்கின் சுருக்கம்). ஒரே நெட்வொர்க் கார்டு இரண்டு முகவரிகளைத் தாராளமாகத் தாங்கும். பிறகு லேப்டாப்பைப் பழையபடி தானியங்கிக்கு மாற்றி, புதிய முகவரி வழியாக உள்ளே வந்து, நிதானமாகப் பழைய வரியை எடுங்கள்.

கேட்வேயும், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸும் தனித்தனி வரிகள். கேட்வே இன்னும் 192.168.0.1 என்று இருந்தால் வீட்டுக்குள் படம் நன்றாக ஓடும். புதிதாகச் சேர்த்த படத்துக்கு மட்டும் போஸ்டர் வராது, பிளெக்ஸில் உள்நுழைய முடியாது. கேட்வே சரி, டிஎன்எஸ் மட்டும் பழையது என்றாலும் இதே அறிகுறிதான். வேறுபடுத்த 8.8.8.8-ஐப் பிங் செய்யுங்கள். அது பதில் தந்து, பெயரால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் குற்றவாளி டிஎன்எஸ். வீட்டில் பை-ஹோல் என்ற, விளம்பரம் தடுக்கும் சொந்த டிஎன்எஸ் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள்.

எண்ணைச் சர்வருக்குள் எழுதுவதா, ரவுட்டரில் ஒதுக்குவதா? எங்கள் பரிந்துரை ரவுட்டர் ஒதுக்கீடு. எல்லா எண்களும் ஒரே பக்கத்தில் இருக்கும், அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் அடுத்த ரவுட்டர் வரும்போது உதவும். சர்வருக்குள்ளேயே எழுதுவதென்றால், ரவுட்டரின் டிஹெச்சிபி வரம்புக்கு வெளியே உள்ள எண்ணாகப் பாருங்கள். பல பெட்டிகள் வரம்பை 2 முதல் 254 வரை முழுதாகத் திறந்துவைத்திருக்கும். அப்படி விட்டால் ஒருநாள் 50 என்ற எண் யாருடைய போனுக்காவது போகும். அந்தப் போன் வீட்டில் இருக்கும்போது மட்டும் சர்வர் விட்டுவிட்டு வரும், வெளியே போனதும் சரியாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு ரவுட்டர் வீடு

புது பெட்டியின் வைஃபை பின்னறைக்கு எட்டவில்லை என்று பழைய ரவுட்டரையும் அதன் பின்னால் மாட்டிவைக்கும் வீடுகள் ஏராளம். புது பெட்டியிலிருந்து வரும் கேபிள் பழையதின் வான் போர்ட்டில் (இணையம் உள்ளே வரும் துளை) இருந்தால் வீட்டில் இப்போது ஒன்றல்ல, இரண்டு நெட்வொர்க். பின்னால் இருப்பவை முன்னால் இருப்பவற்றைப் பார்க்க முடியும். முன்னால் இருப்பவை பின்னால் எட்டிப்பார்க்க முடியாது. பழைய ரவுட்டரில் சர்வர், புதியதில் டிவி என்றால் டிவிக்குச் சர்வர் தெரியவே தெரியாது. அதே சர்வர் பின்னறை லேப்டாப்பில் அழகாகத் திறக்கும். குழப்பமே அங்கேதான்.

பழைய ரவுட்டரைச் சும்மா ஒரு வைஃபை கம்பமாக மாற்றவேண்டும். அதன் லேன் முகவரியை 192.168.29.2 ஆக்குங்கள், டிஹெச்சிபியை அணையுங்கள், கேபிளை வான் போர்ட்டிலிருந்து எடுத்து லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். இந்த வரிசையிலேயே செய்வது நல்லது. டிஹெச்சிபியை அணைக்காமல் கேபிளை மாற்றினால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டுக்கொண்டு முகவரி கொடுக்கும். டிவி விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருந்தாலும் சர்வர் தெரியாது. அந்த வைஃபை இணையத்தை மட்டும் தருவதற்கென்றே அமைந்தது.

போர்ட், ஃபயர்வால், டாக்கர்

முதலில் நிறுத்திய சேவையைத் துவக்கியாயிற்று, சர்வர் பிங்குக்குப் பதில் சொல்கிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை. ஒவ்வொரு சேவையும் போர்ட் என்ற ஓர் எண்ணில் கேட்டுக்கொண்டிருக்கும்: ஜெல்லிஃபினுக்கு 8096, பிளெக்ஸுக்கு 32400. லேப்டாப் பிரவுசரில் 192.168.29.50:8096 என்று அடித்துவிட்டு, பிழை எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று கவனியுங்கள். உடனே இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தால் சர்வர் வரை போய்விட்டீர்கள், அந்த போர்ட்டில் கேட்பவர் யாரும் இல்லை. சேவை ஓடவில்லை, அல்லது வேறு முகவரியில் கேட்கிறது. அரை நிமிடம் சுற்றிச் சுற்றி நேரம் கடந்தது என்று வந்தால் இடையில் ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்குகிறது. லினக்ஸில் பெரும்பாலும் 192.168.0.0/24-க்கு மட்டும் அனுமதி என்று நாமே எழுதிய விதிதான் அது. 192.168.29.0/24 என்று புதிதாக ஒரு விதி சேர்த்துப் பழையதை நீக்குங்கள். விண்டோஸ் சர்வர் என்றால், அது புது ரவுட்டரைப் புது நெட்வொர்க்காகக் கருதிப் பொது வகையில் போட்டிருக்கும். அமைப்பில் அதைத் தனிப்பட்ட நெட்வொர்க் என்று மாற்றினால் சரியாகும்.

டாக்கரில் ஓடும் சர்வர்களுக்கு இரண்டு தனிப் பொறிகள். போர்ட் வரியில் 192.168.0.50:8096:8096 என்று முகவரியோடு சேர்த்து எழுதியிருந்தால், அந்த முகவரி இப்போது கணினியிலேயே இல்லாததால் கன்டெய்னர் எழவே எழாது. முன்னால் இருக்கும் முகவரியை எடுத்துவிட்டு 8096:8096 என்று விடுங்கள். கன்டெய்னருக்கு வீட்டு நெட்வொர்க்கிலேயே தனி முகவரி தரும் மேக்விலேன் நெட்வொர்க் போட்டிருந்தால் அதன் சப்நெட்டை (முகவரி வரம்பை) திருத்த வழியில்லை, நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும்.

இரண்டாவது பொறி அபூர்வம், ஆனால் மாட்டினால் ஆளைச் சுற்றவைக்கும். டாக்கர் தன் உள் நெட்வொர்க்குகளுக்கு 172.17 முதல் 172.31 வரை ஒவ்வொன்றாக எடுக்கும். பதினைந்தும் தீர்ந்துவிட்டால் 192.168-ஐ /20 அளவுத் துண்டுகளாக வெட்டத் தொடங்கும். அப்படி வெட்டும் துண்டுகளில் ஒன்று 192.168.16.0/20. அதன் எல்லை 192.168.16 முதல் 192.168.31 வரை, அதாவது 29 அதற்குள் அடக்கம். வீடு 192.168.0-இல் இருந்தவரை யாருக்கும் தொல்லை இல்லை. வீடு 192.168.29-க்கு வந்ததும், டிவியிலிருந்து வரும் கோரிக்கைக்குப் பதில் அனுப்ப வேண்டிய கன்டெய்னர், இந்த எண் என் பக்கத்து வீடுதானே என்று தன் உள் நெட்வொர்க்கிலேயே தேடுகிறது. பதில் வெளியே வருவதில்லை. எஸ்எஸ்ஹெச் வேலை செய்யும், பிங் வேலை செய்யும், ஜெல்லிஃபின் பக்கம் மட்டும் திறக்காது. பயன்படுத்தாத டாக்கர் நெட்வொர்க்குகளை அழித்து, மோதுவதை வேறு சப்நெட்டில் மறுபடி உருவாக்குங்கள்.

நாஸ்

சர்வர் திறக்கிறது, பட்டியல் தெரிகிறது, எந்தப் படத்தைத் தொட்டாலும் ஓடவில்லை என்றால் பார்வையை நாஸ் பக்கம் திருப்புங்கள். நாஸின் சொந்த முகவரியை 192.168.29.60 என்று மாற்றிய பிறகும் திருத்த வேண்டிய இடம் இரண்டு, இரண்டும் வெவ்வேறு கணினிகளில். மவுன்ட் வரிகள் இருக்கும், சர்வரின் எஃப்எஸ்டேப் கோப்பில் நாஸின் முகவரி 192.168.0.60 என்று இருக்கும். நாஸின் என்எஃப்எஸ் (லினக்ஸில் கோப்புகளைப் பகிரும் முறை) அனுமதிப் பட்டியலில் 192.168.0.50-க்கு மட்டும் தரலாம் என்று இருக்கும். முதலாவதை மட்டும் மாற்றினால் நாஸ் அனுமதி மறுக்கும். மறுப்பைப் பார்த்ததும் கடவுச்சொல் பிரச்சினை என்று நினைத்து அலையாதீர்கள், என்எஃப்எஸ்ஸில் பெரும்பாலும் முகவரியே அனுமதிச் சீட்டு. அதற்குப் பதிலாக விண்டோஸ் பாணிப் பகிர்வான சாம்பா பயன்படுத்துபவர்கள் அதன் அமைப்பில் அனுமதிக்கும் ஹோஸ்ட் என்ற வரி இருந்தால் பாருங்கள்.

சர்வரை ரீஸ்டார்ட் செய்யாமலே நாஸின் முகவரி மாறியிருந்தால் இன்னொரு வேடிக்கை. என்எஃப்எஸ் மவுன்ட் பழைய முகவரியிலிருந்து பதில் வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். வட்டின் இடத்தைக் காட்டச் சொன்னால் அந்தக் கட்டளையும் சேர்ந்து உறைந்துபோகும், மீடியா சர்வரை நிறுத்தவும் முடியாது. லேஸி முறையில் (பதிலுக்குக் காத்திராமல்) மவுன்ட்டைக் கழற்றினால் விடுபடும். திருத்தும்போதே எஃப்எஸ்டேப் வரியில் நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்த்துவிடுங்கள். நாஸ் இல்லாவிட்டாலும் சர்வர் துவங்கும்.

ஓடுகிறது, ஆனால் மங்கலாக

இதைப் பலர் முகவரிப் பிரச்சினையாகவே நினைப்பதில்லை. பிளெக்ஸ், ஜெல்லிஃபின் இரண்டிலும் எவை உள் நெட்வொர்க் என்று குறிக்கும் பெட்டி உண்டு. அதில் 192.168.0.0/24 என்று எப்போதோ எழுதியிருந்தால், பக்கத்து அறை டிவியை இப்போது வெளியூர் ஆளாகக் கணக்கில் எடுக்கும். வெளியாளுக்குரிய தரக் கட்டுப்பாடு விழும், அசல் கோப்பை அப்படியே தராமல் டிரான்ஸ்கோட் செய்யும், அதாவது வேறு வடிவத்துக்கு மாற்றி அனுப்பும், படம் மங்கும், சர்வரின் சிபியு கொதிக்கும். ஜெல்லிஃபினில் வெளித் தொடர்பை அணைத்திருந்தால் கதவே திறக்காது. பிளெக்ஸில் வெளியிலிருந்து பார்ப்பது 2025 ஏப்ரல் இறுதி முதல் கட்டணச் சேவை என்பதால், சொந்த வீட்டிலேயே பணம் கேட்டால் திகைக்க வேண்டாம், இந்தப் பெட்டியைப் பாருங்கள்.

பிளெக்ஸுக்கே உரிய இன்னொன்று: அதன் பாதுகாப்பான இணைப்பு, பிளெக்ஸ் டைரக்ட் என்ற டொமைனில் உள்ள ஒரு பெயர் வழியாக உங்கள் வீட்டு முகவரிக்கே திரும்பி வருகிறது. வெளி டிஎன்எஸ் ஒன்று உள் முகவரியைத் தருவதைச் சில ரவுட்டர்கள் தாக்குதல் என்று எண்ணித் தடுக்கும். நேரடி எண்ணில் திறக்கிறது, செயலி மட்டும் சர்வர் இல்லை என்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம். ரவுட்டரில் டிஎன்எஸ் ரீபைண்டிங் பாதுகாப்பு எனப்படும் இந்தத் தடையிலிருந்து அந்த டொமைனுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.

கடைசியில் டிவி

ஜெல்லிஃபின் செயலியில் பழைய சர்வரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. கோடி என்ற பிளேயரை வைத்திருப்பவர்களுக்கு அவ்வளவு எளிதல்ல. அது ஒவ்வொரு படத்தின் பாதையையும் 192.168.0.60 என்ற எண்ணோடு சேர்த்தே தன் தரவுத்தளத்தில் எழுதிவைத்திருக்கிறது. மூலத்தை நீக்கிப் புதிதாகச் சேர்த்தால் பார்த்தவை, பார்க்காதவை என்ற குறிகள் போய்விடும். அதன் மேம்பட்ட அமைப்புக் கோப்பில் பழைய பாதை, புதிய பாதை என்று பதிலீட்டு வரி ஒன்றை எழுதினால் பட்டியல் அப்படியே நிற்கும். பல டிவிகளுக்குப் பொதுவாக மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வைத்திருந்தால் அந்தக் கோப்பில் உள்ள ஹோஸ்ட் முகவரியையும், தரவுத்தளத்தில் 192.168.0 வரம்புக்கு மட்டும் அனுமதி பெற்ற பயனரையும் மாற்ற வேண்டும்.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு சர்வரில் மவுன்ட் ஃபோல்டரைத் திறந்து உள்ளே எத்தனை படங்கள் இருக்கின்றன என்று எண்ணிப்பாருங்கள். பட்டியலில் காட்டும் எண்ணிக்கையோடு அது ஒத்துப்போனால், முதலில் நிறுத்திவைத்த ஸ்கேனை மறுபடி ஓடவிடலாம்.